வளரும் முனைகள்

திரையில் ஒரு விலா எலும்பு குறைந்தது.

நொர்மிதா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு எண்ணினாள். பேனா முனையை ஒவ்வொன்றின் மேலும் வைத்து இன்னொரு தடவை எண்ணினாள். வலப்பக்கம் பன்னிரண்டு. இடப்பக்கம் பதினொன்று. ஒன்பதாவது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு. உடைந்த எலும்பு இப்படித் தெரியாது. அது பளிச்சென்று எரியும். புற்று அரித்த எலும்பு ஓரத்திலாவது கொஞ்சம் மினுங்கும். இது பல்லைப் பிடுங்கி ஈறையும் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த பையனின் பெயர் ஆர்னெல். வயது பதினொன்று. இரண்டு மாதமாக உடம்பெல்லாம் எலும்பு வலி என்று சீட்டில் எழுதியிருந்தது.

பிலிப்பைன்ஸில், பக்கோலோட் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத இரண்டு அறைகளில், பதினாறு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. காலையில் ஊசி போடுவாள். ஊசி மருந்திலிருக்கும் கதிரியக்கம் ரத்தத்தோடு ஓடி மூன்று மணி நேரத்தில் எலும்புகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். மிச்சம் மூத்திரத்தில் வெளியேறும். அப்புறம் ஆளைப் படுக்கவைத்து மேலே தட்டையான கேமராவை இறக்கினால், உடம்புக்குள்ளிருந்து வரும் கதிர்கள் புள்ளி புள்ளியாகத் திரையில் விழுந்து எலும்புக்கூட்டை வரையும். பெரியவர்களின் எலும்பு மங்கலாக, சீராக வரும். பிள்ளைகளுடையது வேறு. முழங்கால், மணிக்கட்டு, தோள், இடுப்பு என்று வளர்ந்துகொண்டிருக்கிற முனைகளெல்லாம் ஊதிவிட்ட கங்கு போல ஜொலிக்கும்.

இந்த வேலையில் அவளுக்குப் பிடித்தது அந்த வெளிச்சம் மட்டும்தான். மற்றதெல்லாம் அருவருப்பு. ஒரு சொட்டு மூத்திரம் துணியில் பட்டாலும் திரையில் அது தொடையில் முளைத்த கட்டி மாதிரி எரியும் என்பதால், பதினாறு வருடமாக ஊரார் பிள்ளைகளின் தொடை இடுக்கை ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள். வெதுவெதுப்பாக நனைந்த கால்சட்டைகளை இரண்டு விரலால் தூக்கிப் பையில் போட்டுக் கட்டி, கதிரியக்கம் ஆறும்வரை ஈயக் கதவு போட்ட அறையில் அடுக்கியிருக்கிறாள். அந்த வாடை கையுறைக்குள் புகுந்து, சோப்புக்கு மசியாமல், சர்க்கரை மில்கள் ஓடும் மாதங்களில் காற்றுக்குழாய் வழியாக இறங்கும் வெல்லப்பாகு நாற்றத்தோடு கலந்து, வீட்டில் தட்டுக்கு முன்னால் உட்காரும்போது சோற்றுக்கு மேல் வந்து நிற்கும். பிறர் சமைத்ததை அவள் தொடுவதில்லை. பிறந்தநாளுக்கு யாராவது நூடுல்ஸ் கொண்டுவந்தால், அதைக் கிளறிய கையின் நகங்கள்தான் அவளுக்கு முதலில் ஞாபகம் வரும். சின்னத் தகரப் பெட்டியில் சோறும் ஒரு வறுத்த கருவாடும். தாய் செத்ததிலிருந்து தினமும் அதுதான்.

படத்தை டாக்டர் கொர்டோவாவிடம் காட்டினாள்.

"பிறக்கும்போதே இருந்திருக்காது," என்றார்.

"போன அக்டோபர்ல எடுத்த எக்ஸ்ரே இருக்கு டாக்டர். அதுல பன்னெண்டும் இருக்கு."

"வேற யாரோட படமாவது மாறி வந்திருக்கும். மேல எக்ஸ்ரே ரூம்ல தூங்கிக்கிட்டே பேரு ஒட்டுற ஆளுங்க."

"நான் தொட்டுப் பார்த்தேன். தழும்புகூட இல்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன். தழும்பு இல்லைன்னா யாரும் எடுக்கல. யாரும் எடுக்கலைன்னா இருந்ததே இல்ல. எழுதுங்க மேம் நொர்மி, எனக்குப் பசிக்குது."

'ஒன்பதாவது இடது விலா பிறவியிலேயே இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். அது ஜனவரி மாதம்.

பையனோடு வந்தவள் அவன் அப்பாவின் அக்கா. அப்பா கரும்புத் தோட்டமொன்றில் வெட்டுக்கூலி. அம்மா ஹாங்காங்கில் வீட்டு வேலை. வளர்ப்பதெல்லாம் இந்த அத்தைதான். ஆஸ்பத்திரியின் பின்வாசலில் தகரக் கூரை போட்டு கன்சி விற்றாள். மாட்டுக்கால் எலும்பை மணிக்கணக்கில் வேகவைத்து, பத்துவான் காயின் புளிப்பும் பலாக்காய்த் துண்டும் சேர்த்து, சிவந்த எண்ணெய் மிதக்கிற சாறு அது. குள்ளமான பெண். தடித்த முன்கைகள். தோளில் எப்போதும் வெள்ளைவெளேரென்று ஒரு துண்டு. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவள் சலிங் அக்கா. தாலாட்டுப் பாடுகிற மாதிரி இழுத்து இழுத்துத்தான் பேசுவாள்.

அந்தப் படம் எடுத்த மூன்றாம் நாள் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு கீழ்த்தளத்துக்கு வந்தாள்.

"எம் புள்ளைய அவ்வளவு பொறுமையா பார்த்தீங்களே மேம். ஒரு வாய் குடிங்க."

"நான் வெளிச் சாப்பாடு சாப்பிடறதில்ல அக்கா."

"வெளியா? இதா இருக்கு பின்வாசல். ஒரே ஒரு கரண்டி. புடிக்கலைன்னா என் மூஞ்சியிலேயே துப்பிடுங்க."

பதிவேடு பார்க்கும் போங், தலை நரைத்த பெரிய தொந்திக்காரர், அதற்குள் கிண்ணத்தோடு வந்து நின்றுவிட்டார். "மேம் குடிக்கலைன்னா அவங்க பங்கு எனக்கு," என்றார்.

நொர்மிதா ஒரு கரண்டி எடுத்தாள். ஓரத்தில் கொழுப்பு தோல் போலப் படிந்திருந்தது. உதட்டில் அது ஒட்டியபோது கரண்டியைத் திரும்ப வைக்கப் போனாள். ஆனாலும் அந்தப் பெண் முன்னாலேயே நின்றதால் விழுங்கினாள். புளிப்பு, அதற்குப் பின்னால் லேசான இனிப்பு, அதற்கும் பின்னால், பெயர் சொல்லத் தெரியாத ஒரு இளசான ருசி. குமட்டவில்லை. யார் நகமும் ஞாபகம் வரவில்லை. கிண்ணம் காலியானபோதுதான் தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பதே அவளுக்குத் தெரிந்தது.

அதிலிருந்து வியாழக்கிழமை தோறும் ஒரு கிண்ணம் வந்தது. மார்ச் மாதத்தில் அவளே பின்வாசலுக்குப் போக ஆரம்பித்தாள். மற்றவர்கள் எலும்பைத் தட்டி மஜ்ஜையை உறிஞ்சுவார்கள். அவளுக்குப் பிடித்தது எலும்பின் முனையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் குருத்து. நாக்கால் நெம்பினால் வழுக்கிக்கொண்டு கழன்று வரும். பல்லுக்கு நடுவில் நறுக்கென்று உடையும். சலிங் அக்கா கேட்காமலேயே அந்த முனை இருக்கிற துண்டாகப் பார்த்து அவள் கிண்ணத்தில் போடுவாள். போட்டுவிட்டு எதிரே நின்று பார்ப்பாள். நொர்மிதா மெல்லும்போது அவள் தாடையும் கூடவே அசையும்.

மே மாதம் ஆர்னெல் திரும்ப வந்தான். வலி போய்விட்டது, ஆனால் நடக்கும்போது விழுகிறான் என்று சீட்டில் இருந்தது. நாலு மாதத்தில் பையன் உப்பியிருந்தான். ஊறவைத்த ரொட்டி மாதிரி வெளுத்த, ஈரமான உப்பல். கன்னத்தை அத்தை துடைத்தால் விரல் பட்ட இடம் குழிந்து, மெதுவாக மேலே வந்தது. காலை ஏழு மணிக்கு மாடியில் இரண்டு காலுக்கும் எக்ஸ்ரே எடுத்து, படத்தைக் கையிலேயே கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இந்தத் தடவை பெயர் மாறிவிடக்கூடாது என்று நொர்மிதா பையன் எதிரிலேயே படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினாள். தொடை, முழங்கால், கீழ்க்காலில் பெரிய எலும்பு ஒன்று, அதை ஒட்டி வெளிப்பக்கத்தில் மெல்லிய எலும்பு ஒன்று. இரண்டு காலிலும் எல்லாம் இருந்தன.

எட்டு மணிக்கு ஊசி போட்டாள்.

"மேம், இதைப் போட்டா நான் இருட்டுல மின்னுவேனா?"

"நீ மின்ன மாட்ட. உன் மூத்திரம்தான் மின்னும்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். வயிறு மட்டுமல்ல, சிரிக்கும்போது மார்பின் இடப்பக்கமும் தளதளவென்று ஆடியது. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"நிறைய தண்ணி குடி. பதினோரு மணிக்கு வா."

"கடையிலயே படுக்க வச்சிருக்கேன் மேம்," என்றாள் அத்தை. "எண்ணெய் தேய்ச்சுவிட்டா நல்லாத் தூங்குவான்."

அன்று போட்ட ஊசி அது ஒன்றுதான்.

பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் மேலே வார்டுகளுக்கு மட்டும். கீழ்த்தளத்தில் நடுப்பகலே இருண்டுவிட்டது. ஏ.சி. நின்றதும் அதுவரை அடங்கியிருந்த வாடைகளெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்தன. ஃபினாயில், ஈரச் சுவர், மூடிவைத்த பைகளின் காரம். அவற்றின் நடுவே பூண்டும் பத்துவானும் மணத்துக்கொண்டு சலிங் அக்கா படியிறங்கி வந்தாள். ஒரு கையில் தூக்குப் பாத்திரம். முதுகில் பையன்.

"நடக்க மாட்டேங்கிறான் கழுதை. கால் கூசுதாம்."

"கரண்ட் வர்ற வரைக்கும் பெஞ்சுல உக்காரட்டும்," என்றாள் நொர்மிதா. அவள் கண் பாத்திரத்தின் மேல் இருந்தது. அதை அவளே கவனித்தாள். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஊழியர்களின் சிற்றறையில் அவசர விளக்கு ஒன்று மஞ்சளாக எரிந்தது. போங் கிண்ணத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இருட்டில் சத்தங்கள்தான் பெரிதாகக் கேட்டன: அவர் உறிஞ்சுவது, விரலை நக்குவது, எலும்பு கிண்ணத்தில் உருள்வது, தொண்டை இறக்குவது. மற்ற நாளாக இருந்தால் அந்தச் சத்தத்துக்கே அவள் எழுந்து போயிருப்பாள்.

"இன்னைக்கு எலும்பு ரொம்ப மெல்லிசு," என்றார் போங், வாயிலிருந்து எடுத்துப் பார்த்தபடி. "மாடு மாதிரி இல்லியே சலிங். பக்கத்து வீட்டு ஆட்டைத் தூக்கிட்டியா?"

"கன்னுக்குட்டிண்ணே," என்றாள் வாசலில் நின்றிருந்த சலிங் அக்கா. "பால்குடி மறக்காதது."

நொர்மிதாவின் கிண்ணத்தில் குருத்து இருந்தது. நாக்கால் நெம்பினாள். கழன்றது. மென்றாள். வாசலில் நிழலாக நின்ற தாடை மெல்ல அசைந்தது.

பதினொன்றே முக்காலுக்கு விளக்குகள் வந்தன. பையன் பெஞ்சிலேயே நனைத்துக்கொண்டிருந்தான். அவள் கையுறை மாட்டி, கால்சட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக் கட்டி, ஈரத்துணியால் தொடையிலிருந்து கீழே துடைத்துக்கொண்டு வந்தாள். தேங்காயெண்ணெய் வழவழத்தது. தோல் கதகதவென்று இருந்தது. இடது கீழ்க்காலில், வெளிப்பக்கமாகத் துடைத்தபோது, நாலு விரலும் உள்ளே போயின.

தசைக்குள் இல்லை. தசையையும் தாண்டி. பிசைந்த மாவுக்குள் போவது போல, எதுவும் தடுக்காமல் போயின. எடுத்தபோது நாலு பள்ளங்கள். அவை தாமே மூடிக்கொண்டன.

பையன் கெக்கலித்தான். "கூசுது மேம்."

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக இரண்டு ஜோடி, ஒன்றன்மேல் ஒன்றாக, மாட்டிக்கொண்டாள். அவனைப் பலகையில் படுக்கவைத்துப் பட்டை கட்டினாள். அத்தை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பிள்ளைகளோடு வந்தவர்கள் உள்ளேயே இருப்பது வழக்கம்தான். நொர்மிதா கண்ணாடி அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு கேமராவை ஓட விட்டாள்.

படம் தலையிலிருந்து கீழ்நோக்கி வந்தது. மண்டை. முளைக்கக் காத்திருக்கும் பற்களோடு தாடை. தோள்களில் இரண்டு கங்குகள். பிறகு விலாக்கள். எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இடப்பக்கத்தில் ஒன்பது இல்லை, எட்டு இல்லை, ஏழு இல்லை. வலப்பக்கத்தில் கடைசி இரண்டும் இல்லை. எல்லாம் அதே சுத்தம். இடுப்பு வந்தது. தொடைகள் வந்தன. முழங்கால்கள் எரிந்தன. வலது கீழ்க்காலில் இரண்டு எலும்பு.

இடது கீழ்க்காலில் ஒன்று.

விளக்குப் பெட்டியைப் பார்த்தாள். காலை ஏழு மணிப் படம். பெயர், தேதி, நேரம். அவள் கையாலேயே மாட்டியது. இடது கால். வெளிப்பக்கத்தில் மெல்லிய எலும்பு.

மைக்கை அழுத்தினாள். "ஆர்னெல். இடது கால் எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"கடையில தூங்கி எழுந்ததுலேர்ந்து மேம்."

"வலிச்சுதா?"

"அது போறப்ப வலிக்காது மேம். கூசும். அவ்வளவுதான்."

"எது போறப்ப?"

பதில் அத்தையிடமிருந்து வந்தது, அதே தாலாட்டுக் குரலில். "எண்ணெய் தேய்ச்சா கூசும்ல மேம். புள்ளை உளறுறான்."

டாக்டர் மேலே சாப்பிடப் போயிருந்தார். அவருக்குப் போன் போட்டாள்; அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. எடுத்தாலும் என்ன சொல்லுவது? ஏற்கெனவே பிறவியிலேயே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவள். முதலில் கால்களை மட்டும் இன்னொரு தடவை பத்து நிமிடம் எடுத்துவிடலாம், கரண்ட் போய் வந்ததில் கேமரா கெட்டிருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கேமராத் தட்டைத் தொடைக்கும் பாதத்துக்கும் நடுவில் இறக்கி நிறுத்தி ஓட விட்டாள்.

துடைத்த கையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது விதி. கதிரியக்கம் அளக்கும் மீட்டரை ஆணியிலிருந்து எடுத்து உள்ளங்கைகளுக்கு மேல் காட்டினாள். டிக். கொஞ்சம் பொறுத்து, டிக். சும்மா காற்றில் இருப்பதுதான். புறங்கை. முன்கை. காலணி. டிக். டிக். சுத்தம்.

ஆணியில் திரும்ப மாட்டுவதற்காக மீட்டரை உயர்த்தினாள். முகத்தைக் கடக்கும்போது அது அலறியது.

தாழ்த்தினாள். அடங்கியது. துடைத்தபோது ஏதாவது தெறித்திருக்கும். கழுத்துப் பட்டியில் காட்டினாள். கொஞ்சம் அதிகம். மோவாயில் இன்னும் அதிகம். உதட்டுக்கு நேராக வந்தபோது தனித்தனி டிக்குகள் போய், எண்ணெயில் தண்ணீர் விழுந்த மாதிரி ஒரே இரைச்சல். வாயைத் திறந்தாள். இரைச்சல் கூடியது. மெதுவாகக் கீழே இறக்கினாள். தொண்டைக்குழி. நெஞ்சு. வயிற்றுக்கு மேலே அது நிற்கவேயில்லை.

அன்று போட்ட ஊசி ஒன்றுதான். அது அவள் உடம்பில் போட்டதில்லை.

மீட்டரைக் கையில் பிடித்தபடியே நடந்தாள். நடைபாதையில் அமைதியாக இருந்தது. சிற்றறை வாசலில் முணுமுணுக்க ஆரம்பித்தது. மேசைக்கு அருகே கத்தியது. மூடி திறந்த தூக்குப் பாத்திரம், ஆறிப்போய், மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்து கிடந்தது. போங் இன்னும் உட்கார்ந்திருந்தார். அவர் வாயில் ஒரு சாண் நீள எலும்பு, புகைக்கிற சுருட்டு மாதிரி.

"அதை எடுங்கண்ணே. வாயிலேர்ந்து எடுங்க."

"ஏன் மேம், உங்களுக்கு வேணுமா?" அவர் மீட்டரைப் பார்த்தார். "இது கெட்டுப்போச்சு. கரண்ட் போய்வந்ததுல எல்லாமே கெட்டுப்போகுது." எலும்பை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். கன்னங்கள் உள்ளே ஒட்டின.

அவள் கிண்ணத்தில் மிச்சமிருந்த துண்டைப் பார்த்தாள். மெலிந்த, வளைவில்லாத எலும்பு. ஒரு முனை மொட்டையாக இருந்தது. அங்கே இருந்த தொப்பியை அவள் தின்றிருந்தாள். வளர்ந்து முடித்த எலும்பில் அந்தத் தொப்பி தனியாகக் கழலாது. அது பதினாறு வருடமாக அவளுக்குத் தெரியும். வளர்ந்துகொண்டிருக்கிற முனைதான் கழலும். திரையில் ஜொலிப்பது அதுதான்.

நாலு மாதம். வியாழன் தோறும்.

கழுவுதொட்டியில் வாந்தியெடுத்தாள். புளிப்பு மூக்கு வழியாகவும் வந்தது. சிவப்பு எண்ணெய், பலாக்காய் நார், வெள்ளையாக ஒரு துணுக்கு. விரலைத் தொண்டைக்குள் விட்டு இன்னும் எடுத்தாள். குழாயைத் திறந்துவிட்டாள். துணுக்கு போகவில்லை. சல்லடைக் கண்ணில் மாட்டிக்கொண்டு சுழன்றது. மீட்டர் மேசையில் கத்திக்கொண்டிருந்தது. பின்னால் போங் உறிஞ்சுகிற சத்தம்.

பையன்.

ஓடினாள். கண்ணாடி அறைக் கதவை இடித்துத் திறந்தாள்.

கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நாலு நிமிடம் மிச்சம். கண்ணாடி வழியாகப் பையனின் முகம் தெரிந்தது. கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இடுப்புக்குக் கீழே கேமராவின் பெரிய தட்டு மறைத்தது. அதற்கு அந்தப் பக்கம் அத்தையின் முதுகு. குனிந்திருந்தாள். முழங்கை மட்டும் அசைந்தது. மேலிருந்து கீழே. மெதுவாக. முருங்கைக்காயை வழிக்கிற மாதிரி. ஒலிபெருக்கியில் எண்ணெய் சளசளத்தது.

பெரிய திரையில் பத்து நிமிடமும் சேர்ந்து படமாகும். பக்கத்தில் ஒரு சின்னத் திரை உண்டு. அதில் அந்த நொடியில் இருப்பது மட்டும் தெரியும்.

சின்னத் திரையைப் பார்த்தாள்.

இரண்டு தொடைகள். முழங்கால்களில் கங்குகள். இடது கீழ்க்காலில் ஒற்றை எலும்பு. வலது கீழ்க்கால்.

வலது காலின் பெரிய எலும்பு நேராக இல்லை.

ஊசி போடாத உடம்பு திரையில் விழாது. அத்தையின் கை அங்கே இல்லை. விரல்கள் இல்லை. கறுப்பு மட்டும். அந்தக் கறுப்பில் எலும்பு தானாகச் சாய்ந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். முழங்கால் கங்குக்குக் கீழே இருந்த கங்கு அதைவிட்டு விலகியது. நடுவில் ஒரு இருட்டுக் கோடு. கோடு அகலமானது.

"கூசுது அத்தை." பையன் சிரித்தான். மூச்சு முட்டச் சிரித்தான்.

எலும்பின் நுனி காலின் ஓரத்துக்கு வந்தது. ஓரத்தில் நின்றது. தாண்டியது.

வெளியே. ஒரு விரற்கடை. ஒரு சாண். முழுசாக.

இரண்டு முனையும் ஜொலிக்க, யாருமே இல்லாத இருட்டில் அது தனியாக நின்றது. காலில் அது இருந்த இடத்தில், மெல்லிய எலும்பு மட்டும் மிச்சம்.

நொர்மிதாவின் கை உள்ளறைக் கதவின் கைப்பிடியில் இருந்தது. அது திரும்பவில்லை.

ஒலிபெருக்கியில் தாலாட்டுக் குரல். "ஆடாதே தங்கம். மேம் படம் எடுக்கறாங்க பாரு."

திரையில் எலும்பு மெல்லத் திரும்பியது. ஒரு முனை கண்ணாடியின் பக்கமாக நீண்டது. கொடுப்பதுபோல நீண்டு, அப்படியே நின்றது.

அதன் நுனியில் தொப்பி, முழுத் திரையிலும் மிகப் பிரகாசமாக.

வாந்தியின் புளிப்பு இன்னும் காயாத அவள் வாயில் எச்சில் ஊறியது. நாக்குக்கு அடியில். கன்னங்களுக்குள். நிரம்பி, உதட்டோரம் வழிந்தது.

அவள் அதை விழுங்கினாள்.